மேலதிகாரி எகானமியில், நீங்கள் பிசினஸ் கிளாஸில்: எது முறை?

கேள்வி கேட்டவர் காலடிப்பேட்டையில் இருக்கும் ஒரு தங்கை. மணலியில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் டிசைன் இன்ஜினியர். அடுத்த வாரம் தன் மேலாளருடன் பிராங்பர்ட் போகிறார். கம்பெனி இரண்டு பேருக்கும் எகானமி டிக்கெட்தான் எடுத்திருக்கிறது. முந்தைய வேலையில் அடிக்கடி ஜெர்மனி போய் வந்ததில் இவர் கணக்கில் மைல்ஸ், அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகள், சேர்ந்திருந்தது. அதை வைத்து பிசினஸ் கிளாஸுக்கு அப்கிரேடு கேட்டு வைத்திருந்தார், போகும் பயணத்துக்கு உறுதியாகிவிட்டது. மேலாளருக்கு வயது 57. "சாருக்கே கொடுத்துடு, அதுதான் மரியாதை" என்கிறார்கள் ஆபீஸில். "யாருகிட்டயும் சொல்லாம போய் உட்காரு, ஏன் இதைப் பெருசு பண்ற" என்கிறாள் தோழி. எது சரி என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் என்பேன். சீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏர்போர்ட்டுக்குப் போகும் முன்பே, நேரில், உங்கள் வாயால் அவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் ஆர்மேனியன் தெருவில் 26 வருடம் டிக்கெட் போட்டவன். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்கள், பெரியமேட்டுத் தோல் ஏற்றுமதிக்காரர்கள், மண்ணடி இரும்புக் கடைக்காரர்கள், மணலி, எண்ணூர் தொழிற்சாலை இன்ஜினியர்கள் என்று எல்லோருக்கும் போட்டிருக்கிறேன். முதலாளியும் வேலை செய்பவரும் சேர்ந்து பறக்கும்போது வரும் மனக்கசப்புகளை ரொம்பப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு யார் மேலதிகாரி, யார் கீழே என்பது தெரியாது. அது பார்ப்பதெல்லாம் டிக்கெட் எந்தக் கட்டண வகையில் வாங்கப்பட்டது, பயணியிடம் மெம்பர் கார்டு இருக்கிறதா, அது வெள்ளியா தங்கமா, எத்தனை மைல்ஸ் இருக்கிறது, முன் கேபினில் எத்தனை சீட் காலி என்பதைத்தான். எகானமியில் இருக்கும் சீட்டை விட அதிகமாக டிக்கெட் விற்றிருந்தால் சிலரை முன்னால் அனுப்புவார்கள். அப்போதும் பெரும்பாலும் தங்க அட்டைக்காரர், கூடுதல் கட்டணம் கொடுத்தவர், தனியாகப் பயணம் செய்பவர் என்றுதான் பட்டியல் போகும். கோட் சூட் போட்டு வந்தால் அப்கிரேடு கிடைக்கும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள், அதெல்லாம் இல்லை. ஒரே பி.என்.ஆரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை மட்டும் பிரித்து முன்னால் போடுவது குறைவு. அதனால் கம்பெனி ஒரே பி.என்.ஆரில் போட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் கவுன்டரில் அதிர்ஷ்டம் அடிப்பது அபூர்வம். உங்களுடையது அதிர்ஷ்டமும் இல்லை, மைல்ஸ். நீங்கள் முழித்திருந்த இரவுகளும் வீட்டை விட்டு இருந்த நாட்களும் சேர்ந்துதான் அந்த மைல்ஸ்.

துறைமுகத்துக்காரர்களிடம் இந்தச் சங்கடமே இருக்காது. கப்பலில் ஏறப் போகும் ஆட்களுக்கு மெரைன் ஃபேர் என்று தனிக் கட்டணம் உண்டு. கூடுதல் லக்கேஜ் தருவார்கள், தேதி மாற்றுவதும் சுலபம். கேப்டனுக்கும், இன்ஜின் அறையில் வேலை பார்க்கும் மோட்டார்மேனுக்கும் ஒரே கட்டணத்தில் ஒரே எகானமியில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். கப்பலில் கேப்டன் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறவர்கள், விமானத்தில் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போவார்கள். எப்போதாவது மோட்டார்மேனின் கார்டுக்கு அப்கிரேடு வந்து அவர் முன்னால் போனால், கேப்டன் சிரித்துக்கொண்டே "போய் நல்லா தூங்குப்பா, நாளைக்கு வாட்ச் டியூட்டி இருக்கு" என்பார். கப்பலுக்குள்தான் பதவி, வெளியில் எல்லோரும் பயணிகள் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது.

நமக்கு அப்படிப் பழகவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பதவிக்கு ஏற்ற வகுப்பு என்பதை நாம் ரயிலில் கற்றுக்கொண்டோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் நம் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அதிகாரி முதல் வகுப்பு, குமாஸ்தா மூன்றாம் வகுப்பு என்றே போனார்கள். மூன்றாம் வகுப்பை 1974-ல்தான் எடுத்தார்கள். பெட்டி போய்விட்டது, அந்தக் கணக்கு மனசில் நின்றுவிட்டது. மத்திய அரசின் பயணப்படி விதியில் இன்றைக்கும் அது எழுத்திலேயே இருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் சம்பள நிலை 14-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு விமானத்தில் பிசினஸ் கிளாஸ். 6 முதல் 13 வரை எகானமி. 5-ம் அதற்குக் கீழும் ரயில்தான்.

என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். வார்ஃப்பில் சரக்கு எண்ணுகிற வேலை. ஒருமுறை அவருடைய சூப்பர்வைசர் ஏதோ ஒரு கையெழுத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அவரை உட்கார வைத்துவிட்டு அப்பா சுவரோரம் நின்றார். அது மரியாதை, அதில் தப்பே இல்லை. வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. "உட்காருய்யா" என்று அவரே இரண்டு முறை சொன்னார். அப்பா உட்காரவில்லை. அன்றைக்கு எனக்கு 11 வயது. இரண்டாவது நாற்காலி வந்த பிறகும் அவர் ஏன் நின்றார் என்பது பல வருடம் என்னை உறுத்தியது. முதலில் நின்றது பெரியவருக்கான மரியாதை, அப்புறம் நின்றது பயம் என்று பின்னால்தான் புரிந்தது. உங்கள் ஆபீஸில் "சாருக்கே கொடுத்துடு" என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டாவது நாற்காலியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர் கேட்கவில்லை, அவருக்குத் தேவை இருப்பதாகவும் தெரியவில்லை, அது உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து வந்தது. ஆனாலும் நீங்கள் உட்காரக் கூடாது என்கிறார்கள். இதே அப்கிரேடு உங்களுடன் வேலை பார்க்கும் ஒரு ஆண் இன்ஜினியருக்கு வந்திருந்தால் இத்தனை பேர் யோசனை சொல்லியிருப்பார்களா என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பஸ்ஸில் பெரியவர் நிற்க நாம் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்தார்கள் என்று கேட்பீர்கள். அது நல்ல பழக்கம், விடவே விடாதீர்கள். ஆனால் விமானத்தில் யாரும் நிற்பதில்லை. அவருக்கும் சீட் இருக்கிறது, அவர் ஒத்துக்கொண்டு வாங்கிய சீட். இரண்டு பேரும் எகானமியில் போனாலும் அவருடைய பயணம் அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா? கொடுக்க வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. அவருக்கு முட்டி வலி, இடுப்பு வலி இருந்தால், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், காலில் ரத்த உறைவு வந்தவர் என்றால், யாரும் சொல்லாமலேயே கொடுத்துவிடுங்கள். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேர் விமானம் சுமார் 10 மணி நேரம். எகானமியில் உங்கள் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் 31, 32 அங்குலம்தான். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்த மாதிரி இடத்தில் யார் மேலதிகாரி என்று பார்க்க வேண்டாம், யாருக்கு உடம்பு முடியவில்லை என்று பாருங்கள்.

மண்ணடியில் ஒரு இரும்பு வியாபாரி என்னிடம் வருவார். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம், எந்த ஊருக்கும் எகானமிதான். ஒருமுறை சீனாவுக்குப் போக அவருக்கும் அவருடைய கணக்குப்பிள்ளைக்கும் டிக்கெட் கேட்டார். கணக்குப்பிள்ளைக்கு 62 வயது, மாடிப்படி ஏறவே கைப்பிடி தேடுகிறவர். "அண்ணாச்சிக்கு பிசினஸ் போடு, எனக்கு எப்பவும் போல" என்றார் முதலாளி. கணக்குப்பிள்ளை பதறிப்போய் "அய்யய்யோ, முதலாளி பின்னால உட்கார நான் முன்னால போறதா" என்றார். "உங்களுக்கு முட்டி வலிக்குது, எனக்கு வலிக்கலையே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்து வைத்தார். இத்தனை வருடத்தில் நான் போட்ட டிக்கெட்டுகளில் என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கொடுப்பதாக முடிவு செய்தால் அதைத் தரையில் இருக்கும்போதே செய்யுங்கள். பல மெம்பர் திட்டங்களில் உங்கள் மைல்ஸை வைத்து இன்னொருவரின் டிக்கெட்டையும் அப்கிரேடு செய்யலாம்; சிலவற்றில் அவர் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும். உங்கள் அப்கிரேடை ரத்து செய்து, மைல்ஸ் கணக்குக்குத் திரும்பிய பிறகு அவர் பெயருக்குக் கேட்க வேண்டும். நடுவில் அந்த சீட் வேறு யாருக்காவது போய்விடலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் ஏறிய பிறகு "சார், நீங்க என் சீட்ல உட்காருங்க" என்று எழுந்து வருவதை மட்டும் செய்யாதீர்கள். சீட் உங்கள் பெயரில் இருக்கிறது. கேபின் மாற்றி உட்காருவது பயணிகள் தாங்களாகவே முடிவு செய்கிற விஷயம் இல்லை, க்ரூவின் அனுமதி வேண்டும், அவர்கள் முடியாது என்றும் சொல்லலாம். இருநூறு பேர் பார்க்க, திரைக்குப் பக்கத்தில் நின்று "வேண்டாம்மா", "பரவாயில்ல சார்" என்று இழுபறி நடந்தால் கூச்சப்படப் போவது அவர்தான்.

சரி, எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப்பில் வேண்டாம், ஆபீஸ் குரூப்பில் வேண்டவே வேண்டாம். பயணத்தைப் பற்றிப் பேச அவர் அறைக்குப் போகும்போது, வேலை விஷயம் பேசி முடித்த கையோடு சொல்லுங்கள்: "சார், ஒரு விஷயம். பழைய கம்பெனியில இருந்தப்ப சேர்ந்த மைல்ஸ்ல எனக்குப் போற டிக்கெட் பிசினஸ் கிளாஸ் ஆகியிருக்கு. ஆபீஸ் பணம் எதுவும் இல்ல. பிரசன்டேஷனை வியாழக்கிழமையே முடிச்சு உங்ககிட்ட கொடுத்துடறேன், ஃபிளைட்ல பேச வேண்டியது எதுவும் பாக்கி இருக்காது. உங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லையே?" அவ்வளவுதான். "மன்னிச்சுடுங்க சார்" என்று ஆரம்பிக்காதீர்கள், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. "எனக்கே கூச்சமா இருக்கு" என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும். கடைசியில் ஆட்சேபம் உண்டா என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வழியில் வாடிக்கையாளர் விஷயமாக உங்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படி உண்மையான வேலை இருந்தால் எகானமியிலேயே பக்கத்தில் உட்காருங்கள். அது கம்பெனி நேரம், கம்பெனி பயணம். ஆனால் நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் வேலை பார்க்கிறவர்கள் குறைவு.

முன்பே சொல்வதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல பதவியில் இருந்த இன்ஜினியர். கவுன்டரில் அவருக்கு அப்கிரேடு கிடைத்தது. மேலதிகாரி பத்தடி தள்ளி வேறு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலேயே இருந்துவிட்டார். விமானத்தில் அவருடைய சீட் முன் கதவுக்குப் பக்கத்தில். எகானமிக்காரர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் பின்னால் போக வேண்டும். மேலதிகாரி கையில் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது இவர் முன்னால் ஜூஸ் கிளாஸ் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், யாரும் பேசவில்லை. திரும்பி வந்த பிறகு அந்த மேலதிகாரி எங்கேயோ "கம்பெனி பணத்துல எப்படி சொகுசா போறாங்க பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். நம்மவர் என்னிடம் ஓடிவந்து, "அது இலவச அப்கிரேடுன்னு ஒரு லெட்டர் வாங்கித் தர முடியுமா" என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த லெட்டரால் எதுவும் சரியாகவில்லை. மேலதிகாரிக்கு வலித்தது அந்த சீட்டால் இல்லை, பத்தடி தள்ளி நின்ற தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதால். எனக்கு இரண்டு பேர் மேலும் வருத்தம்தான். ஒரு நிமிடப் பேச்சில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் மூன்று வருடம் ஓடியது.

பணக் கணக்கையும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மைல்ஸில் அப்கிரேடு செய்தாலும் சில நேரம் வரியோ கூடுதல் கட்டணமோ பணமாகக் கட்டச் சொல்வார்கள். அதைச் சொந்தக் கார்டில் கட்டி, ரசீதைத் தனியாக வையுங்கள். இந்தியாவில் எகானமி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அக்கவுன்ட்ஸில் இருப்பவர்கள் பில்லைப் பார்த்ததும் வரி விகிதத்தை வைத்தே வகுப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கம்பெனிக்கு எகானமி பில் மட்டும் போக வேண்டும். போர்டிங் பாஸ் ஒட்டிக் கொடுக்கச் சொல்லும் ஆபீஸாக இருந்தால், அதில் பிசினஸ் என்று அச்சாகியிருக்கும் என்பதால், "சொந்த மைல்ஸில் அப்கிரேடு" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அரசு வேலையிலோ பொதுத்துறையிலோ இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. மத்திய அரசு ஊழியர் அலுவல் பயணத்தில் சேர்த்த மைல்ஸை அந்தத் துறையின் வேறு அலுவல் பயணங்களுக்குத்தான் பயன்படுத்த வேண்டும், சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை வரும் என்று விதியே இருக்கிறது. டிக்கெட்டும் பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களுக்கு அவரவர் விதிப் புத்தகம் உண்டு. அங்கே மேலதிகாரி என்ன நினைப்பார் என்ற கேள்விக்கு முன்னால் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது பயண நாளுக்கு வருவோம். உங்கள் ஊரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டிய பிறகு வடசென்னைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது. மெட்ரோ தொடங்கிய காலத்தில் இரட்டிப்புக் கட்டணத்தில் ஒரு தனி வகுப்புப் பெட்டி இருந்தது. அப்புறம் அதைப் பெண்களுக்கான பெட்டியாக மாற்றிவிட்டார்கள், இப்போது தனி வகுப்பு என்று எதுவும் இல்லை. இரவு பதினொரு மணியோடு ரயில் நின்றுவிடும் என்பதால் சீக்கிரம் கிளம்பினால் இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம். அவர் காரில் வருவதாக இருந்தால் வாசலில் காத்திருந்து ஒன்றாக உள்ளே போங்கள். செக்-இன்னில் பிசினஸ் கவுன்டர் காலியாக இருக்கும், எகானமி வரிசை வளைந்து வளைந்து நிற்கும். உங்களிடம் ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு கார்டு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா போறோம், இவரையும் இங்கேயே செக்-இன் செய்ய முடியுமா" என்று கேளுங்கள். பெரும்பாலும் செய்துவிடுவார்கள். முடியாது என்றால் உங்களுடையதை முடித்துவிட்டு அவர் வரிசையில் அவருடன் நில்லுங்கள். லவுஞ்சுக்கு அந்தக் கார்டில் அதே விமானத்தில் வரும் ஒருவரை விருந்தினராக அழைத்துப் போகலாம், அவரை அழைத்துப் போங்கள். அந்த அழைப்பு சாதாரணமாக இருக்கட்டும்: "வாங்க சார், உள்ள காபி குடிச்சுட்டு உட்காரலாம்." கார்டு இல்லாமல் டிக்கெட்டால் மட்டும் லவுஞ்ச் கிடைக்கிறவர்களுக்குப் பொதுவாக விருந்தினர் அனுமதி இருக்காது. அவர்கள் அன்றைக்கு லவுஞ்சை விட்டுவிட்டு கேட் பக்கத்திலேயே மேலதிகாரியுடன் உட்கார்ந்துவிடலாம் என்பது என் யோசனை. அங்கே கிடைக்கும் இட்லிக்காக ஒரு மனிதரைத் தனியாக உட்கார வைக்க வேண்டியதில்லை.

ஏறும்போது உங்களை முதலில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் போய்விடுங்கள், அவருக்காக நிற்க வேண்டாம். நின்றால் அவரும் தர்மசங்கடப்படுவார். போகும் முன் "இறங்கினதும் வெளியில வெயிட் பண்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் சீட் அவர் நடந்து போகும் வழியில் இருந்தால், அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வதும் போனைப் பார்ப்பதும் வேண்டாம். நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்பு, "சார், பையை மேலே வைக்க இடம் இருக்குமா, இல்ல இங்க வைக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை. பெரிய விமானங்களில் பெரும்பாலும் இரண்டாவது கதவு வழியாக ஏற்றுவார்கள், நீங்கள் இடப் பக்கம் போவீர்கள், அவர் வலப் பக்கம். அப்போது இந்தச் சந்திப்பே நடக்காது.

பறக்கும்போது சாப்பாடு முடிந்த பிறகு ஒருமுறை பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், போதும். அவர் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப வேண்டாம். முன்னால் கொடுத்த சாக்லேட்டையோ பழத்தையோ எடுத்துப் போய்க் கொடுக்காதீர்கள். அன்பாகத்தான் செய்வீர்கள், ஆனால் மிச்சம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவரை முன்னால் வந்து உட்காரச் சொல்லவும் கூடாது, க்ரூ அனுமதிக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பினால் அவருக்கு அவமானம். மதுவைப் பொறுத்தவரை, இறங்கியதும் வேலை என்றால் யாராக இருந்தாலும் தொடாமல் இருப்பது நல்லது.

இறங்கும்போது நீங்கள் முன்னால் வெளியே வந்துவிடுவீர்கள். ஏரோபிரிட்ஜ் முடியும் இடத்தில் ஓரமாக நில்லுங்கள். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். தனியாக இமிகிரேஷனுக்குப் போய்விட்டு அங்கிருந்து போன் செய்வதுதான் இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தப்பு. பெல்ட்டில் பிரையாரிட்டி டேக் போட்ட உங்கள் பெட்டி முதலில் வரும், அவர் பெட்டி வரும் வரை கூடவே இருங்கள். அதற்கப்புறம் அந்த விமானத்தைப் பற்றிப் பேச்சு வேண்டாம். "நல்லா தூங்கினியா?" என்று அவர் கேட்டால் "தூங்கினேன் சார், நீங்க?" என்று கேளுங்கள். படுக்கை எப்படி விரிந்தது, என்ன சாப்பாடு என்பதெல்லாம் உங்கள் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ போட ஆசையாக இருக்கும், முதல் முறை எல்லோருக்கும் இருக்கும். அந்த வாரம் வேண்டாம்.

இந்தக் கேள்வியோடு ஒட்டிய இன்னொன்று. சில நேரம் கேட்டில் கடைசி நிமிடத்தில் பெயரைக் கூப்பிட்டு வேறு போர்டிங் பாஸ் கொடுப்பார்கள். முன்பே சொல்ல வாய்ப்பே இருக்காது. அப்போது பாஸை வாங்கும் முன்பே பக்கத்தில் இருக்கும் மேலதிகாரியிடம் திரும்பி, "சார், என்னை முன்னால மாத்தறாங்களாம்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு உடம்பு முடியவில்லை என்றால், "எனக்குப் பதிலா இவருக்குக் கொடுக்க முடியுமா" என்று கேட் ஊழியரிடம் கேட்டுப் பார்க்கலாம். செய்வதும் செய்யாததும் அவர்கள் இஷ்டம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மேலதிகாரி பிசினஸ் டிக்கெட் வாங்கியிருப்பார், விமானத்தை மாற்றியதில் அவரை எகானமிக்குத் தள்ளிவிடுவார்கள், உங்கள் சீட் தப்பித்துவிடும். அப்போது ஆறுதலை விட அவருக்குத் தேவை தகவல். 2023 பிப்ரவரி 15 முதல் இந்தியாவில் இதற்கு இழப்பீட்டு விதி இருக்கிறது. உள்நாட்டு விமானம் என்றால் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டு விமானம் என்றால் 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம். கவுன்டரில் நின்று எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். உங்கள் சீட்டைக் கொடுப்பதை விட அது அவருக்குப் பெரிய உதவி.

மேலதிகாரியாக இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வேலை பார்க்கும் பெண் உங்கள் அறைக்கு வந்து இதைச் சொல்லும்போது, அவள் இரண்டு நாள் தூங்காமல் யோசித்திருப்பாள். "நல்லதும்மா, போய் ரெஸ்ட் எடு, நாளைக்கு நீதான் பேசணும்" என்று சொல்லுங்கள். "ஓ, பெரிய ஆளாயிட்ட" என்று விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னது அவள் காதில் வேறு மாதிரி விழும். கொடு என்று கேட்காதீர்கள், கேட்டால் அவளால் மறுக்க முடியாது. அவளாகவே கொடுக்க வந்தால், உடம்புக்கு உண்மையிலேயே முடியவில்லை என்றால் தயங்காமல் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரே ஒரு முறை "வேண்டாம்மா, உன்னோடது" என்று உறுதியாகச் சொல்லி முடித்துவிடுங்கள். என் அப்பாவின் சூப்பர்வைசர் இரண்டு முறை "உட்காருய்யா" என்றார். மூன்றாவது முறை நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் எகானமிதான் என்று எழுதியிருக்கிறீர்கள், தங்கை. அந்த டிக்கெட்டுக்கு இப்போதே சீட் மேப்பைத் திறந்து, அவருக்கு நடைபாதை ஓரமாக ஒன்று பார்த்துப் போடுங்கள், காசு கேட்டாலும் பரவாயில்லை. 57 வயதில் பத்து மணி நேரத்தில் நாலு தடவையாவது எழுந்து நடக்க வேண்டியிருக்கும், நடுவில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டே உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை அவர் அறைக்குப் போகும்போது அப்கிரேடு விஷயத்தைச் சொல்லிவிட்டு, இதையும் கேட்டுவிடுங்கள்: இடப் பக்கம் வேண்டுமா, வலப் பக்கமா என்று.